எந்தப் பொற்காலம், அண்ணாச்சி?

"அந்தக் காலத்துப் பேப்பர்ல வந்த படக்கதை மாதிரி இனிமே வராது" என்று சொல்லாத நெல்லைக்காரர் ஐம்பது வயதுக்கு மேல் அநேகமாக இல்லை. சந்திப்பில் பத்திரிகைக் கடை வாசலில் சொல்வார்கள். பாளையங்கோட்டையில் காலை நடை முடிந்து டீ குடிக்கும்போது சொல்வார்கள். புத்தகத் திருவிழா என்றால் காமிக்ஸ் அடுக்கியிருக்கும் அரங்கின் முன்னால் நின்று, உள்ளே நுழைய விடாமல் சொல்வார்கள். அதோடு நிறுத்தவும் மாட்டார்கள். அன்றைக்கு நாளிதழைப் பிரித்தாலே சிரிப்புதானாம். மொபைல் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதாம். பழையதையெல்லாம் தேடித் தொகுத்து, நல்ல தாளில், கெட்டி அட்டையில் கொண்டுவந்துவிட்டால் பிள்ளைகள் மறுபடி படிக்க உட்கார்ந்துவிடுமாம்.

மூன்றும் தவறு. முதலாவதன் தோளில்தான் மற்ற இரண்டும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன என்பதால் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

எந்தப் படக்கதை? பெயரைச் சொல்லுங்கள். நாளிதழில், தமிழில், தினமும் வந்த, வாசகனைச் சிரிக்க வைத்த ஒரே ஒரு படக்கதையின் பெயர் போதும்.

கேட்ட மாத்திரத்தில் வருகிற பதில் கன்னித்தீவு. 1960-இல் தினத்தந்தியில் தொடங்கியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தந்தியை நிறுவிய சி.பா. ஆதித்தனார் திருச்செந்தூருக்குப் பக்கத்துக் காயாமொழிக்காரர்; அவர் காலத்தில் அது திருநெல்வேலி மாவட்டம். அதனால் நம்ம ஊர்ச் சரக்கு என்ற பெருமையும் கூடச் சேர்ந்துகொள்ளும். நல்லது. ஆனால் கதை என்ன? மூசா என்கிற மந்திரவாதி இளவரசி லைலாவைப் பொம்மை அளவுக்குச் சுருக்கிவிடுகிறான்; அவளைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர சிந்துபாத் கடல் கடலாக அலைகிறான். அரக்கர்கள், தீவுகள், பாம்புகள், வாள்வீச்சு. சாகசக் கதை. இதில் நகைச்சுவை எங்கே வந்தது? வந்தது வெளியிலிருந்து. முடியாத பாகப்பிரிவினை வழக்கு, முடியாத ரோடு வேலை, கல்யாணத்துக்குப் பிடி கொடுக்காத மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு எல்லாவற்றுக்கும் "கன்னித்தீவு கணக்கா இழுக்குது" என்று பெயர் வைத்தார்களே, அந்தச் சிரிப்பு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுடையது. தமிழன் கன்னித்தீவை வைத்துச் சிரித்தான். கன்னித்தீவு அவனைச் சிரிக்க வைக்க முயன்றதே இல்லை.

சரி, அடுத்த பதில் சிறுவர்மலர். தினமலர் 1951-இல் திருவனந்தபுரத்தில் பிறந்து 1957-இல் திருநெல்வேலிக்குக் குடிவந்த பத்திரிகை. அதன் வெள்ளிக்கிழமை இணைப்புக்காக வீட்டில் அடிதடி நடந்த தலைமுறை இன்றும் இருக்கிறது. 'பலமுக மன்னன் ஜோ' என்றால் முகம் மலர்ந்துவிடும் அவர்களுக்கு. முகத்தை நினைத்தபடி கோணலாக்கிக்கொள்ளும் அந்தப் பையன் உண்மையிலேயே சிரிக்க வைத்தான், மறுக்கவில்லை. ஆனால் அவன் தினமும் வரவில்லை, வாரம் ஒருமுறை வந்தான். தமிழனும் இல்லை, பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களில் பிறந்து, பெயர் மாற்றி, வசனம் மாற்றி இங்கே இறக்கப்பட்டவன். வீரவநல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து நம் பையன்கள் ஏதோ ஓர் இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்தின் பிரம்படியை வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பள்ளியிலும் பிரம்படி தாராளமாக விழுந்தது. அதை வரைய ஆள் போடத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவதாக விகடனை இழுப்பார்கள். மாலி, கோபுலு, மதன். இந்த மூன்று பேரையும் யாராவது குறைத்துப் பேசினால் நானே சண்டைக்குப் போவேன். கோபுலு ஒரு சொல்கூட இல்லாமல் சிரிக்க வைத்தவர். மனிதர் உட்காரும் விதத்தை வைத்தே அவர் எந்த ஆபீஸில் எந்த நாற்காலிக்காரர் என்று காட்டிவிடுவார். மதனின் ரெட்டைவால் ரெங்குடுவும் முன்ஜாக்கிரதை முத்தண்ணாவும் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு உறுப்பினர்கள். ஆனால் விகடன் வார இதழ். அதில் வந்ததில் பெரும்பகுதி ஒற்றைக் கட்டச் சிரிப்பு. அந்த உலகமும் பெரும்பாலும் சென்னை நடுத்தர வீட்டுக் கூடம்: ஈஸிசேர், காபி டம்ளர், மாமா, மாமி, அலுவலக மேனேஜர். ஏரலிலும் சேரன்மகாதேவியிலும் அதை வாசித்துச் சிரித்தவர்களுக்கு அது பக்கத்து நாட்டு வேடிக்கை.

எஞ்சுவது தினமணியின் முதல் பக்கத்தில் மதி வரைந்த 'அடடே'. அது நாளிதழ், அது தமிழ், அது தினமும் வந்தது, சிரிக்கவும் வைத்தது. ஆனால் அது முந்தைய நாள் அரசியல் செய்தியின் மேல் ஒரு குட்டு. மறுநாளும் அதற்கு மறுநாளும் வந்து, நம்மோடு சேர்ந்து வயதாகி, வீட்டு ஆள் ஆகிவிடுகிற பாத்திரங்கள் அதற்குத் தேவைப்படவில்லை. படக்கதை வேறு, கருத்துப்படம் வேறு.

ஆக, கன்னித்தீவின் தினசரித்தன்மை, சிறுவர்மலரின் சேட்டை, விகடனின் கோடு, 'அடடே'யின் குத்தல் எல்லாவற்றையும் கலந்து, நடக்காத ஒரு பொற்காலத்தை நினைவு செய்து வைத்திருக்கிறது. அங்கங்கே சின்ன முயற்சிகள் முளைத்துப் பட்டுப்போயிருக்கலாம். ஒரு தலைமுறை பெயர் சொல்லும்படி, தினமும் மூன்று கட்டத்தில் நம் பேச்சில் நம்மைச் சிரிக்க வைத்த படக்கதை எதுவும் இந்தப் பக்கத்து நாளிதழ்களில் வேரூன்றவில்லை. இல்லாத ஒன்றுக்கு ஏங்குவதில் ஒரு வசதி உண்டு: அது ஏன் இல்லாமல் போனது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் கேட்கிறேன். ஏன் இல்லாமல் போனது?

தமிழில் முடியாது என்று சொல்ல வழியில்லை. இலங்கையில் முடிந்தது. சிரித்திரன் சுந்தர் என்று பின்னால் பெயர் பெற்ற சிவஞானசுந்தரம் 'சவாரித் தம்பர்' என்ற பாத்திரத்தைத் தினகரன் நாளிதழில் உலவவிட்டார். பிறகு 1960களில் சிரித்திரன் என்று தனி நகைச்சுவை இதழே நடத்தினார். மைனர் மச்சான், மிஸிஸ் டாமோடிரன் எல்லாம் அதில் வந்த ஆட்கள். அவர்கள் யாழ்ப்பாணத்தார் பேசுகிற மாதிரியே பேசினார்கள், யாழ்ப்பாணத்தாரின் வீம்பையும் கருமித்தனத்தையும் சீதனக் கணக்கையும் யாழ்ப்பாணத்தாரின் முகத்துக்கு நேராகவே வைத்தார்கள். கொழும்பில் இருந்த ஆசிரியர் ஒருவர் 'இந்தப் பேச்சு மற்ற ஊர்க்காரருக்குப் புரியுமா' என்று தயங்கியிருந்தால் தம்பர் பிறந்திருக்க மாட்டார்.

இலங்கை கடல் தாண்டி என்றால், மலை தாண்டிப் பாருங்கள். செங்கோட்டையில் ரயில் ஏறினால் குகைகளைக் கடந்து கொஞ்ச நேரத்தில் கேரளம். அங்கே டோம்ஸ் வரைந்த 'போபனும் மோளியும்' மலையாள மனோரமா வார இதழின் கடைசிப் பக்கத்தில் பல பத்தாண்டுகள் ஓடியது. அதற்காகவே மலையாளிகள் அந்த இதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினார்கள். பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்ற ஜி. அரவிந்தன் 1961 முதல் ஒரு பத்தாண்டுக்கு மேல் மாத்ருபூமி வார இதழில் 'சிறிய மனிதர்களும் பெரிய உலகமும்' என்ற தொடரை வரைந்தார். வேலையில்லாத ராமு, அவனுடைய குருஜி, ஊர்ப் பெரிய மனிதர்கள். ராமுவுக்கு வேலை கிடைத்தது, பணம் சேர்ந்தது, மனிதனும் மாறினான். ஒரு முழு நாவலின் கனம் அதில் உண்டு. அவையும் வார இதழ்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் மண்ணைத் தோண்டி எடுத்தார்கள், நாம் லண்டனிலிருந்து இறக்குமதி செய்தோம். பொதிகை மலையின் மேற்குச் சரிவுக்கு ஒரு நியாயம், கிழக்குச் சரிவுக்கு ஒரு நியாயமா?

நம்மிடம் என்ன குறை இருந்தது? வரைகிற கையா? நெல்லையிலிருந்து வடக்கே ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்தில் கோவில்பட்டி. அங்கே கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும்தான் தமிழ்நாட்டில் பல்லாயிரம் வீடுகளில் காலண்டராகத் தொங்கினார்கள். அச்சுக்கூடமா? இன்னும் கொஞ்சம் வடக்கே சிவகாசி. 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸையும், 1984-இல் மாடஸ்டியோடு லயன் காமிக்ஸையும் இறக்கிய ஊர். பத்திரிகையா? சொல்லிவிட்டேன்: தினமலர் இங்கேயே வேர்விட்டது, தந்தியின் வேர் இங்கே. பேச்சா? புதுமைப்பித்தன் எந்த ஊர் நாக்கை வைத்துக்கொண்டு சென்னையில் எல்லாரையும் வம்புக்கு இழுத்தார்? கி. ராஜநாராயணன் 1982-இல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே போட்டார். பார்த்த மாத்திரத்தில் ஒருவனுக்கு வட்டப்பெயர் வைத்து, அந்தப் பெயராலேயே அவன் பேரன் வரைக்கும் கூப்பிடுகிற ஊர்கள் இவை. கேலிச்சித்திரக்காரனுக்குப் பாதி வேலை அந்தப் பெயரிலேயே முடிந்துவிடுகிறது.

கை, அச்சு, தாள், வாய் நான்கும் ஒரு பகல் பஸ் பயணத்துக்குள் இருந்தும் ஒன்றாகச் சேரவில்லை. காரணம் கலை அல்ல, காசு.

அமெரிக்காவில் நாளிதழ்ப் படக்கதை வளர்ந்தது சிண்டிகேட் முறையால். ஓர் ஓவியர் ஒரு படக்கதையை ஒரு நிறுவனத்துக்கு வரைந்து கொடுப்பார். நிறுவனம் அதை நூற்றுக்கணக்கான ஊர்ப் பத்திரிகைகளுக்கு விற்கும். ஒவ்வொரு பத்திரிகையும் கொடுப்பது சொற்பம், ஓவியருக்குச் சேர்வது வாழ்க்கை நடத்தும் அளவு. சார்லஸ் ஷூல்ஸ் 'பீனட்ஸ்' தொடரை 1950 முதல் 2000 வரை வேறு வேலை பார்க்காமல் வரைந்துகொண்டிருக்க முடிந்தது இதனால்தான். தமிழில் அந்த முறை வரவேயில்லை. ஒரு பத்திரிகையின் ஓவியரை இன்னொரு பத்திரிகை பகிர்ந்துகொள்வதாவது! நாளிதழ் ஓவியர் என்பவர் மாதச் சம்பளக்காரர். தலைப்பு எழுத்து, சிறுகதைக்குப் படம், விபத்து நடந்த இடத்தின் வரைபடம், நடுவில் நேரம் கிடைத்தால் ஒரு ஜோக். அப்படிப்பட்டவரிடம் தினமும் புதிதாக ஒரு சிரிப்பைக் கேட்பதைவிட, ஆயத்தமாக வெளிநாட்டிலிருந்து வருகிற கட்டங்களில் ஆங்கில வசனத்தை அழித்துவிட்டுத் தமிழை எழுதிக்கொள்வது மலிவு. மலிவுதான் ஜெயித்தது. நாம் அதைப் பொற்காலம் என்கிறோம்.

அழித்தது வசனத்தை மட்டுமா? வரைந்தவர் பெயரையும்தான். இரும்புக்கை மாயாவியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர்களிடம், அந்தக் கையை வரைந்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஹெசூஸ் பிளாஸ்கோ என்கிற ஸ்பெயின்காரர். பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962-இல் தொடங்கிய தொடர் அது. வாசகருக்குத் தெரியாதது அவர் குற்றமில்லை, அன்றைய தமிழ்ப் பதிப்புகளில் ஓவியர் பெயர் ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. ஆனால் வரைகிறவன் பெயர் தெரியாமல் வளர்ந்த தலைமுறைக்கு, வரைவது ஒரு மனிதன் செய்கிற தொழில், அதற்குக் கூலி உண்டு, அதை நம் தெருவில் ஒரு பையனும் செய்யலாம் என்ற எண்ணமே வராது. படக்கதை என்பது மழை மாதிரி எங்கிருந்தோ வந்து விழுவது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். இன்றைக்கு 'மழை நின்றுவிட்டதே' என்று புலம்புவதும் அதனால்தான்.

சுப்பாண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சிக்காரர் ஒருவர், பி. வரதராஜன், அனுப்பிவைத்த கதைகளிலிருந்து எழுந்த பாத்திரம். 1983-இல் 'டிங்கிள்' ஆங்கில இதழில் ராம் வாயீர்க்கரின் கோட்டில் உருப்பெற்று நாடு முழுக்கப் பரவியது. பிறகு வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பூந்தளிர் வழியாகத் தமிழுக்குத் திரும்பி வந்தது, வேட்டைக்கார வேம்புவோடும் காக்கை காளியோடும். திருச்சியிலிருந்து பம்பாய் போய், ஆங்கிலம் பேசி, மொழிபெயர்ப்பில் வீடு திரும்பிய சுப்பாண்டி! நம் மூளையில் உதித்த கோமாளிக்கே நம் பத்திரிகை ஒன்றில் முதலில் நாற்காலி போட முடியவில்லை என்பதைவிட இந்தப் பொற்காலத்தைப் பற்றி வேறென்ன சொல்ல?

மொபைலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இல்லாத ஒன்றை மொபைல் கொல்ல முடியாது. இன்னும் சொல்லப்போனால், நாளிதழ்ப் படக்கதை செய்திருக்க வேண்டிய வேலையை இன்று செய்துகொண்டிருப்பது அந்த மொபைல்தான். 2019 மே மாதக் கடைசியில், 2001-இல் வெளிவந்த 'ஃப்ரண்ட்ஸ்' படத்தின் கான்ட்ராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்தித்ததே, அது என்ன? இரண்டு மூன்று கட்டம், கட்டத்துக்கு ஒரு வரி, எல்லாருக்கும் தெரிந்த ஒரு முகம், அன்றன்றைய செய்தி, நாளைக்கு மறந்துபோகும் ஆயுள். நெல்லைப் பேச்சில் "ஏல", "வே" என்று போட்டு நாள்தோறும் மீம் செய்து பரப்புகிற பையன்களுக்குச் சம்பளம் கிடையாது, பெயரும் கிடையாது. குறை இல்லாமல் இல்லை. சிரிப்புக்கு முகம் கொடுப்பது ஓவியனின் பேனா அல்ல, வடிவேலுவின் முகம். அது கடன் வாங்கிய முகம். ஆனால் கடன் வாங்கிய முகம் என்று மீமைப் பழிக்கிறவர், கடன் வாங்கிய ஜோவை நெஞ்சில் சுமந்துகொண்டு பழிக்கக் கூடாது.

இனி அந்தக் கெட்டி அட்டை.

மறுபதிப்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சரியான மறுபதிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு இந்த மண்ணிலிருந்தே உதாரணம் உண்டு. எட்டயபுரத்தில் பிறந்து, நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்து, பின்னாளில் கடையத்தில் வாழ்ந்த பாரதிதான் தமிழ்ப் பத்திரிகையில் கருத்துப்படத்தைக் கொண்டுவந்தவர். 'இந்தியா' வார இதழில் 1906 முதல் 1910 வரை வந்த அந்தப் படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து 1994-இல் நூலாக்கினார். எந்த நாள், எந்தச் செய்தி, யாரைக் குத்துகிறது என்ற பின்னணியோடு வந்த தொகுப்பு அது. வாசித்தால் நினைவு சொறிந்துகொள்ளாது, வரலாறு பிடிபடும். அந்தப் படங்கள் வந்த காலத்தில் பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லாதபோதும் அந்த நூல் நிற்கிறது.

நம் அண்ணாச்சிமார் கேட்பது அதுவல்ல. அவர்கள் கேட்பது தங்கள் பத்து வயதை. அதே அட்டை, அதே எழுத்து, முடிந்தால் அதே மக்கிய தாள் வாசனை. சிவகாசிக்காரர்கள் பாவம், 2012-க்குப் பிறகு எத்தனையோ புதிய ஐரோப்பியச் சரக்கை இறக்கிப் பார்த்துவிட்டார்கள். லக்கி லூக்கோடு ப்ளூகோட் பட்டாளம், மதியில்லா மந்திரி என்று சிரிப்புக்கே தனி வரிசை உண்டு. இருந்தாலும் மாயாவி மறுபதிப்பு எப்போது என்ற குரல் ஓய்வதில்லை. பதிப்பகத்தைவிட வாசகர் பின்தங்கியிருக்கிற விசித்திரம் இது. பேரனுக்காக வாங்குகிறேன் என்று சொல்லி வாங்குவார்கள். பேரன் கையில் கொடுக்க மாட்டார்கள், அட்டை மடங்கிவிடும். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள்.

தினசரிப் படக்கதைக்குத் தொகுப்பு இன்னொரு துரோகமும் செய்கிறது. அது இருபத்து நான்கு மணி நேர இடைவெளிக்காக வரையப்பட்டது. இன்று ஒரு கடி, நாளை ஒரு கடி. நடுவில் நம்முடைய ஒரு நாள். 'பீனட்ஸ்' மொத்தம் 17,897 படக்கதைகள். 2004 தொடங்கி 2016 வரை அவற்றை வரிசையாகக் கெட்டி அட்டையில் போட்டு முடித்தார்கள். அருமையான பணி, ஆராய்ச்சி செய்கிறவருக்கு. ஆனால் ஒரே மூச்சில் நாற்பது பக்கம் வாசித்துப் பாருங்கள்: லூசி பந்தை இழுக்கிறாள், சார்லி பிரவுன் மல்லாந்து விழுகிறான், மறுபடி இழுக்கிறாள், மறுபடி விழுகிறான். ஆண்டுக்கு ஒருமுறை விழுந்தபோது அது வாழ்க்கை. பக்கத்துக்குப் பக்கம் விழுந்தால் சலிப்பு.

படித்த விதமும் தொகுப்பில் வராது. சலூனில் முறைக்குக் காத்திருந்தவர்கள் கையில் நான்காகப் பிரிந்து கிடந்த ஒரே பேப்பரை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் அவர் தோளுக்கு மேலாகப் படத்தை எட்டிப் பார்த்தார்கள். எழுத்துத் தெரியாதவர் படத்தை வைத்தே கதை சொன்னார், அது சில நேரம் அசல் கதையைவிட நன்றாக இருந்தது. அந்தப் பேப்பர் சாயங்காலம் காராச்சேவு மடிக்கப் போனது. விலையில்லாத, ஊருக்கே பொதுவான, நாளை மக்கிப்போகிற ஒன்றை, விலையுள்ள, ஒருவருக்கே சொந்தமான, மக்காத ஒன்றாக மாற்றிவிட்டு அதற்கு மீட்பு என்று பெயர் சூட்டுகிறார்கள்.

அந்தச் சிரிப்பு 'சுத்தமானது' என்ற பேச்சையும் ஒரு கை பார்த்துவிட வேண்டும். பழைய வார இதழ் ஜோக்குகளை ஒரு கட்டு எடுத்து உட்காருங்கள். பூரிக்கட்டை தூக்கிய மனைவி, குண்டான மாமியார், கறுத்த மணப்பெண், திக்கிப் பேசுகிறவர், காது மந்தமான கிழவர், வேலைக்காரியை எட்டிப் பார்க்கும் முதலாளி. அடிக்க முடியாதவரை அடித்துச் சிரித்த சிரிப்பு அதில் பாதி. அதையெல்லாம் கத்தரித்துவிட்டுத் தொகுத்தால் பொய். அப்படியே தொகுத்தால் பேத்தி கேட்கிற கேள்விக்குத் தாத்தாவிடம் பதில் இருக்காது. நல்லதும் நிறைய இருந்தது, அது வேறு பேச்சு. சுத்தம் என்ற சான்றிதழ் மட்டும் வேண்டாம்.

நான் கேட்பது எளிய விஷயம். நெல்லைப் பதிப்பு போடுகிற நாளிதழ் ஏதாவது ஒன்று, ஒரு பக்கத்தின் மூலையில் மூன்று கட்டத்துக்கு இடம் விடட்டும். ஒரு சின்ன விளம்பரம் அடைக்கிற இடம்தான். அந்த இடத்துக்கு ஒரு பெண்ணையோ பையனையோ, வேறு வேலை கொடுக்காமல், சம்பளத்தோடு போடட்டும். கட்டத்தின் கீழே பெயர் இருக்கட்டும். பேச்சு இந்த ஆற்றங்கரைப் பேச்சாக இருக்கட்டும். மழைக்காலத்தில் ஒரு நாள் இப்படி வரலாம். முதல் கட்டத்தில், குளம் தூர்த்துக் கட்டிய ஏதோ ஒரு பஸ் நிலையத்தில் முழங்கால் தண்ணீரில் இரண்டு பேர். "என்னவே, பஸ்ஸ்டாண்டுக்குள்ள கொளத்துத் தண்ணி வந்துட்டுன்னு சொல்லுதாவ?" இரண்டாவது கட்டத்தில் மற்றவர் தலையில் துண்டை இறுக்கிக் கட்டுகிறார், பேச்சில்லை. மூன்றாவதில்: "அது அதோட வீட்டுக்கு வந்திருக்கு அண்ணாச்சி. நாமதான் விருந்தாளி." இதைவிட நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களில் யாரையும் யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

வட்டார வழக்கு விற்காது என்பார்கள். நெல்லைப் பேச்சை வைத்து சினிமா கோடிகளை எடுத்த பிறகும் இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். நாளிதழ் ஏற்கெனவே ஊருக்கு ஊர் தனிப் பதிப்பு போடுகிறது. களக்காட்டுச் செய்தி கோயம்புத்தூருக்குப் போவதில்லை. செய்திக்கு முடிகிறது, சிரிப்புக்கு முடியாதா?

முதல் மூன்று மாதம் யாருக்கும் சிரிப்பு வராது. அது இயல்பு, பீனட்ஸே ஏழு பத்திரிகைகளில்தான் ஆரம்பித்தது. சிரிப்புக்கு முன்னால் வசைக் கடிதம் வரும். எங்க ஊர்ப் பேச்சைக் கேலி செய்கிறான் என்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஒன்று. இது டவுன்காரன் பேச்சு, எங்க பக்கம் இப்படியா பேசுகிறோம் என்று ஏரலிலிருந்து ஒன்று. இரண்டாவது கடிதம் வந்துவிட்டால் ஆசிரியர் அதை அப்படியே வெளியிட வேண்டும். வரைகிறவர் அடுத்த வாரமே அந்த ஏரல்காரரை, குடையும் மூக்குக்கண்ணாடியுமாக, இரண்டாவது கட்டத்துக்குள் இழுத்துப் போட்டுவிட வேண்டும்.